பத்தொன்பதாம் கொக்கி

கொடுத்தது முப்பத்தொன்று,
வந்தது முப்பது.
பீப்பாயைக் கிளறி எண்ணக்கூடாது, தூசி எழும்பும்.
கொக்கிகளைப் பார்த்தேன்.
பத்தொன்பதில் வீட்டுச் சட்டை இல்லை.
ஓவரோலோடு போய்விட்டான் நிப்றாஸ்.

பழைய இழுவைப் படகின் சிவப்பைச்
சுரண்டுகிறவர்கள் இவர்கள்.
சிவப்புக்குள் ஈயம்.
கண்ணுக்கு மா மாதிரி,
மூக்குக்கு ஒன்றுமேயில்லை.

சீனக்குடாவில் பஸ் ஏறி
ஜமாலியாவில் இறங்க அஸர் பாங்கு.
கைப்பைக்குள் தடித்த பொலித்தீன் பை,
கையுறை, தண்ணீர் விசிறும் போத்தல்.
வீடு கேட்டேன், கடலைக் காட்டினார்கள்.
கடலுக்கு முன்னால் ஒரு நீலக் கதவு.

பஸ்மியாவின் மடியில் கிடந்தது அது.
முழங்கால் கிழிசலில்
எறும்பு வரிசையாய் ஓடியது அவள் தையல்.
"கிழிஞ்சா சம்பளத்துல வெட்டுவாங்களாம்.
அதான் ஒளிச்சுக் கொண்டுவந்தாரு."
நான் வாய் திறக்குமுன்
நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எழும்பி, மடியை உதறப் போனாள்.
யார்தான் உதறவில்லை,
பாயை, சேலையை, காலில் ஒட்டிய கடல் மணலை.
கையைப் பிடித்தேன்,
கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்துவிட்டேன்.

துணியை நனைத்தேன். சுருட்டினேன்.
பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டேன்.
வாய் கொப்பளி, உடுப்பை மாற்று,
நிலத்தை ஈரத்துணியால் துடை,
கூட்டாதே பிள்ளை, கூட்டாதே.
அவள் தந்த தேத்தண்ணியைத் தொடாமல்
சவர்க்காரம் கேட்டேன்.
அவள் முகம் சுருங்கியது.
"எங்கட கோப்பை சுத்தம்தான்."
என் விரல்களை விரித்துக் காட்டினேன்:
கோப்பைக்கு அல்ல, இதற்கு.

ஏணைக்குள் எதுவோ அசைந்தது.
எத்தனை மாசம்?
ஒன்பது.
தவழுதா?
"நேத்துத்தான் தொடங்கினான்" என்றாள்,
அப்படி ஒரு பெருமை.

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள்.
கொழும்புக்குப் போயிருக்கிறது.
எண் இன்னும் வரவில்லை.

தனியாக இரண்டு தரம் கழுவியும்
அந்தத் தையல் விடவில்லை.
கழுவிய உடுப்புகளின் பக்கம்
ஒரு தட்டில் ஊசி, நூல் வைத்திருக்கிறேன்.
சுவரில் எழுதினேன்: கிழிந்தால் சொல்லுங்கள், வெட்டமாட்டோம்.
மேலே யாரையும் கேட்டு எழுதவில்லை.
களஞ்சியத்துக்கும் ஒரு துண்டு அனுப்பினேன்:
கத்தரிக்கோல், ஒன்று.

உடுப்பு அறைக்கு இது எதற்கு என்று
சிவப்பு மையில் கேட்டு
துண்டு திரும்பி வந்திருக்கிறது.