ஒன்பது பத்து பஸ்

பழைய மீன் கிடங்கு, இப்போது கினோ மயாக்கா.
அறுபத்திரண்டு இருக்கைகளும்
மூடிவிட்ட ஒரு நீதிமன்றத்தில் ஏலம் எடுத்தவை.
அதனாலோ என்னவோ, உட்கார்ந்ததும்
எல்லோரும் சாட்சி சொல்லத் தயாராகிவிடுகிறார்கள்.

என் மாலை டிரிப் ஆறு ஐம்பதுக்கு முடியும்.
அடுத்தது ஒன்பது பத்து, ஊரின் கடைசி பஸ்.
இடையில் ஒதுங்க டிப்போவில் ஒரு ஹீட்டர் உண்டு,
ஹீட்டரை ஒட்டி பெக்காவும்
அவன் மீன்பிடிப் பிரதாபங்களும்.
அப்படித்தான் சினிமாவுக்கு வந்தேன்.
கலை தேடி வந்தேன் என்று யாராவது சொன்னால்
நம்பாதீர்கள்.

வெளியே போத்னியா வளைகுடா உறைந்து கிடக்கிறது.
மைனஸ் இருபத்தாறில் எஞ்சின் சூடேற
இருபத்தைந்து நிமிஷம்.
ஆகவே எட்டே முக்காலுக்கு,
யார் அழுதுகொண்டிருந்தாலும், யார் செத்துக்கொண்டிருந்தாலும்,
திரையில் என் தலை விழாதபடி
குனிந்து வெளியேறிவிடுவேன்.
நாலு குளிர்காலம், நூற்றுப் பத்துப் படம்.
ஒன்றின் முடிவையும் கண்டதில்லை.

படம் முடிந்ததும் ஹில்கா விளக்கைப் போடுவாள்.
பகலில் அவள் பள்ளியில் கணக்கு டீச்சர்,
இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்லி அலுத்தவள்.
வியாழன் இரவுகளில் அவளிடம் ஒரே கேள்வி:
'என்ன பார்த்தீர்கள்?'
பதில் பாதியில் நிற்கும்போதே
என் ஹாரன்.

மிச்சப் பாடம் பஸ்ஸில்.

பூட்ஸ் பனியை உதறிக்கொண்டே ஏறுவார்கள்.
'அவள் மன்னித்துவிட்டாள்' என்பார் சுங்க இலாகா தாய்ஸ்தோ.
'எங்கே மன்னித்தாள்?
சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாளே!'
பின் சீட்டிலிருந்து ஓனா, பதினாறு வயது,
நோட்டுப் புத்தகம் முழுக்க அம்புக்குறிகள்.
மொகதிஷுவில் பிறந்த நர்ஸ் ஹோதான்
இரண்டு கட்சியிலும் சேரமாட்டாள்.
கடைசியில் இசை நின்றுபோன இடத்தில்
தன் மூச்சு தனக்கே கேட்டதாம், அதைச் சொல்வாள்.
காகித ஆலை நிறுத்தத்தில் ஒரு முடிவு இறங்கும்,
தேவாலயத்தருகே இன்னொன்று.
பிறகு காலி பஸ்ஸும் நானும்.
பிடித்ததை எனக்கென்று எடுத்துக்கொண்டு
விளக்கை அணைப்பேன்.

ஒருமுறை தாய்ஸ்தோ கேட்டார்:
'நீ என்ன நினைக்கிறாய், இர்யா?'
'சாலை வழுக்குகிறது' என்றேன்.

பிப்ரவரியில் வந்த புயல்
விமானத்தை நிறுத்தியது, ரயிலை நிறுத்தியது,
ஒன்பது பத்தையும் நிறுத்தியது.
வரவேண்டிய புதுப் படம் வழியில் எங்கோ மாட்டிக்கொள்ள,
அலமாரியில் கிடந்த நவம்பர் படத்தையே
மறுபடி ஓட்டினாள் ஹில்கா.
அதே படகோட்டி, அதே மனைவி, விற்கப்போகும் அதே வீடு.
அதற்கு என்னிடம் ஏற்கெனவே மூன்று முடிவுகள் இருந்தன.

எட்டே முக்கால். என் முழங்கால்கள்
பழக்கத்தில் எழப் பார்த்தன. அழுத்தி உட்கார்ந்தேன்.

அவள் தட்டுகளை எண்ணினாள்.
சாவியை மேசையில் வைத்தாள்.
படகு நகர, கரை சிறுத்தது.
படகுத்துறை விளிம்பில் ஒரு பழுப்பு நாய்,
படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
வீட்டுக் கதவையே பார்த்தபடி.
இருட்டு.

விளக்கு வந்தது. 'என்ன பார்த்தீர்கள்?'
யாரும் பேசவில்லை.
ஹாரனுக்குக் காத்திருக்கிறார்கள் என்று பட்டது.

'நாய்' என்றேன்.

'எந்த நாய்?' என்றார் தாய்ஸ்தோ.
அவர் இரண்டாம் முறை பார்க்கிறார்.
எல்லோரும் இரண்டாம் முறைதான்.

ஹில்கா பின்னோக்கி ஓட்டினாள்.
கரை பெரிதானது, சாவி அவள் கைக்குத் திரும்பியது,
தட்டுகள் அலமாரிக்கு.
மறுபடி முன்னோக்கி.
ஓனா திரை வரை நடந்து போய்,
தன் நிழலுக்குள் நாய் மறைய, விலகி நின்று,
அதன் காதுமேல் விரல் வைத்தாள்.
'என் கட்சி தோற்றது' என்றாள்.
'இல்லை, என் கட்சி' என்றார் தாய்ஸ்தோ.
ஹோதான் தெர்மாஸைத் திறந்தாள்.
ராத்திரி வெகுநேரம் அந்த நாயை விசாரித்தோம்.

அடுத்த வியாழன் வானம் தெளிந்திருந்தது.
எட்டே முக்காலுக்குக் குனிந்து எழுந்தேன்.
ஒன்பது பத்துக்கு ஓனா
என் சீட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.
'முடிவைச் சொல்லவா?'
'ஆலை நிறுத்தம் தாண்டட்டும்' என்றேன்,
'அந்தத் திருப்பத்தில் பனி.'