இடது மரை

வான்னஸ் பல் மருத்துவர்.
மூன்று பவர் மீட்டர் வைத்திருக்கிறார்,
மூன்றும் மூன்று விதமாய்ப் பேசுகின்றன.
பெடல் இருநூற்று ஐம்பத்தொன்று வாட் என்கிறது,
பின்சக்கரக் குடம் இருநூற்று நாற்பத்துமூன்று,
வீட்டுக்குள் நிற்கும் பயிற்சி எந்திரம்
இருநூற்று அறுபத்தாறு.
எது உண்மை என்று கேட்க
நான் கடை திறக்கும் முன்பே
ரோன்ஸ் மழையில் நனைந்து நிற்கிறார்.

மரை கழன்ற ஆள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு
காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

கேட்கும் இடம் வேறு, டாக்டர்.
பெடலுக்கு உங்கள் உள்ளங்காலின் கீழேயே காது.
குடத்துக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள்
சங்கிலி தன் சுங்கத்தை எடுத்துக்கொள்கிறது,
நீங்கள் எண்ணெய் போடாததால் கொஞ்சம் கூடவே.
வீட்டு எந்திரமா?
வாங்கியவரைப் புகழ்ந்தே வளர்ந்த பிள்ளை அது.

பற்சக்கரத்தின் நடுவே பூட்டுகிற வகை ஒன்றும் உண்டு.
நாணயமானது.
கல் பாவிய ஏற்றத்திலும் தடுமாறாது.
கூட்டுத்தொகையைச் சரியாகச் சொல்லும்,
எந்தக் கால் எவ்வளவு கொடுத்தது என்றால்
கையை விரித்துவிடும்.

எல்லாவற்றிலும் மலிவானது இடது கிராங்கில் ஒட்டுவது.
இடது காலை அளக்கும், இரண்டால் பெருக்கும்.
வலது காலை அது பார்த்ததே இல்லை.

ரோஸ்லீனிடம் இருந்தது அதுதான்.

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவள்.
போன வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில்
க்ரைஸ்பெர்க் கற்களில் விழுந்து
இடது தொடையெலும்பு இரண்டானது.
ஒரு தகடு, ஏழு திருகாணி.
திரும்பி வந்தவளுக்கு மீட்டர் சொன்னது
நூற்று ஐம்பத்திரண்டு.
அடுத்த மாதம் நூற்று ஐம்பத்திரண்டு.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு போவதை நிறுத்திவிட்டாள்,
யாரும் தனக்காக முக்கில் காத்து நிற்க வேண்டாம் என்று.

கடையில் இரவல் கொடுக்க ஒரு ஜோடி பெடல் உண்டு.
மாட்டிவிட ஐந்து நிமிஷம், அது அதன் வசதி.
கல்லில் ஒருமுறை உரசினால்
என் ஒரு மாத வாடகை, அது அதன் வினை.
வலதை மாட்டினேன்.
இடதுக்கு வந்து சாவியை எதிர்ப்பக்கம் திருப்பியபோது
தப்பாகத் திருகுகிறாய் என்றாள்.
இடது பெடலின் மரை அப்படித்தான், ரோஸ்லீன்.
ஊரெல்லாம் இறுக்குகிற பக்கம் திருகினால்
கழன்று கையில் வந்துவிடும்.

ஹொதோண்ட் மேடு வரை போய்
முக்கால் மணியில் திரும்பினாள்.
சேறு படிந்த திரையைக் கட்டைவிரலால் துடைத்தாள்.
இடது எழுபத்தாறு.
வலது நூற்று இருபத்துநாலு.
இருநூறு.
எழுபத்தாறை இரண்டால் பெருக்கிப் பார்த்தாள்,
பில் புத்தகத்தின் பின்பக்கம், என் பேனாவால்.

காலும் காலும் சேர்ந்தால் அரைதான் என்று
பதினோரு மாதம் நம்பியிருந்தவள்
அழுவாள் என்று எதிர்பார்த்துத்
துணியைத் தேடினேன்.
உழவுக்குதிரையின் விலாவைத் தட்டுவதுபோல
வலது தொடையை ஒருமுறை தட்டினாள்,
அவ்வளவுதான்.

விலை கேட்டாள். சொன்னேன். சிரித்தாள்.
வலது மட்டும் கிடைக்குமா?
இடது மட்டும் தனியே விற்கிறார்கள்,
வலதைத் தனியே யாரும் செய்வதில்லை என்றேன்.
அதற்கும் சிரித்தாள்.

பெடலைக் கழற்றி வைத்துக்கொண்டு
அந்தப் பழையதைப் பிய்த்து எறியட்டுமா என்றேன்.
இருக்கட்டும், அது பொய் சொல்லவில்லை,
பாதியைப் பார்த்துவிட்டு முழுசாய்ப் பேசுகிறது,
எங்கள் தபால் அதிகாரியும் அப்படித்தான்,
அவரோடு குப்பை கொட்டவில்லையா என்றாள்.

ஞாயிறு காலை கூட்டம் கடையைத் தாண்டிப் போனது.
நடுவில் ரோஸ்லீன்,
தகடு வைத்த பக்கம் சற்றே சாய்ந்தபடி.
கடைசியில் வான்னஸ், மூச்சு வாங்க.
சங்கிலி இன்னும் கத்துகிறது.