தீத்தாத கிழமை

சீனக்குடா மாவாலையில்
இரவு வேலை எனக்கு.
கோதுமைக் கப்பல் வந்தால்
தொன் கணக்கில் எழுதுவேன்:
இத்தனை இறங்கியது, இத்தனை அரைபட்டது,
இத்தனை மூடை லொறியில் ஏறியது.
விடிய வீட்டுக்கு வந்து
இன்னொரு கொப்பி திறப்பேன்.
மாதுமை, பதினொரு மாதம்.
காலை: பூசணி, அரைக் கரண்டி. துப்பினாள்.
மத்தியானம்: பயற்றங்கஞ்சி. ஓங்காளம்.
பின்னேரம்: சத்தி.

ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில்
பால் அவளுக்கு மூக்கால் போனது.
பசி என்றால் வாயைத் திறப்பது என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
குழாய் போய், போத்தல் வந்து
மூன்று மாதம் ஆகியும்
கரண்டியைக் கண்டால்
கன்னத்தில் பிளாஸ்டர் இருந்த இடத்தைக்
கையால் மறைக்கிறாள்.

முதற்பல் முளைத்தபோது
வெள்ளை விரித்து இருத்தி
தலையில் கொழுக்கட்டை கொட்டினோம்.
உருண்டதெல்லாம்
அயல் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள்.
பல் வந்துவிட்டது.
அதற்குத்தான் வேலை வரவில்லை.

எல்லாரிடமும் ஒரு வழி இருந்தது.
மூக்கைப் பொத்தித் தீத்து என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
பட்டினி போடு, தானாய்த் தின்னும் என்றான் மச்சான்.
நானும் ஒருநாள்
போனில் கார்ட்டூன் போட்டு
அவள் மறந்திருந்த நொடியில்
கரண்டியை உள்ளே விட்டேன்.
விழுங்கினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
அந்தப் பார்வையை எழுத
கொப்பியில் நிரல் இல்லை.

கிண்ணியாப் பாலம் கடந்து
செவ்வாய்களில் வருவா ஸிமாரா மிஸ்.
ஆஸ்பத்திரியின் பின் அறை, ஒரு பாய், ஒரு ரப்பர்த் தாரா.
கொப்பியைப் புரட்டினா. மூடினா.
"இந்தக் கிழமை ஒண்டும் தீத்த வாணாம்.
சாப்பாட்டோட விளையாடட்டும்.
நீங்க பக்கத்தில சும்மா இரிங்க."
வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டா.
"கொப்பிய என்னட்டத் தந்துட்டுப் போங்க."

சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது.
மாச் சாக்கை விரித்து அவளை இருத்தி
அவித்த பூசணியை முன்னால் வைத்தேன்.
புதன் முழுக்க
சாக்கு தின்றது, சுவர் தின்றது,
என் சாரம் தின்றது.
அவள் விரல் நுனியால் தொட்டு
விரலைச் சாக்கில் துடைத்தாள்.
என் கையை நானே
தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

வியாழன், படலை திறந்து கிடந்தது.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று,
பஸ் நிலையத்தில் சோற்றுப் பார்சல் தாளையும்
கச்சான் சுருளையும் விடாத சாதி,
உள்ளே வந்து
அவள் தள்ளிவிட்ட தட்டை நக்கியது.
தட்டு நகர்ந்தது.
மானும் நகர்ந்தது.
மாதுமை பார்த்திருந்தாள்.
அவளுடைய நாக்கு, அவளைக் கேட்காமல்,
உதட்டுக்கு வெளியே வந்து நின்றது.
கையில் பூசணி.
கை மேலே போனது.
மூக்கு சுருங்கியது.
ஓங்காளம் பாதி வழி வந்து
திரும்பிப் போனது.
மறுபடி நக்கினாள்.

தர்மினிக்குப் போன் எடுத்தேன்.
நிலாவெளிப் பள்ளியில் இடைவேளை.
"எவ்வளவு?"
கப்பல் கணக்கு எழுதுபவனுக்கு
அளவு சொல்ல வரவில்லை.
"ஒரு நெல்லளவு," என்றேன்.
"உமியையும் சேர்த்தால்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

வெள்ளி ஒன்றும் தொடவில்லை.
சனி, பூசணியை என் காதுக்குள் வைத்தாள்.
சும்மா இருந்தேன்.
படலையை மட்டும்
கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன்.