சாரம்

ரயிலடியில் பேரம் பேசாமல் ஏறியவள் அவள் ஒருத்திதான்.
உர்கியா. ஜெஸ்காஸ்கன் செப்பு ஆலையில்
முப்பது வருடம் கிரேன் ஓட்டியவளாம்.
என் ஜிகுலியின் முன்கதவு மூடாது என்றேன்.
பிடித்துக்கொண்டே வந்தாள், அறுபது கிலோமீட்டர்.

அரிஸ்தான் பாபில் இரவு தங்கு,
அஸ்ரத்திடம் போய்க் கேள் என்பது எங்கள் வழக்கு.
தங்கினாள்.
எல்லோரும் முகம் சுளிக்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீரை
சுளிக்காமல் குடித்தாள்.
விடியும்வரை குறட்டை விட்டவன் நான்தான்.

காலையில் துர்கிஸ்தான்.
நீலக் குவிமாடத்தைப் பார்த்து மற்றவர்கள் கையேந்த
இவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
எண்பத்து மூன்றில் ஆப்கன் போன தம்பி.
துத்தநாகப் பெட்டிகூட வரவில்லை.
நினைவுக்கல்லில் பெயர் வெட்ட
நகராட்சிக்கு அக்காவின் கையெழுத்து வேண்டுமாம்.
பெயர் ஒரால்பாய்.
எங்கள் மொழியில் ஒரல் என்றால்
திரும்பி வா.

உள்ளே அந்த அண்டா.
ஏழு உலோகம், இரண்டு டன்.
நெவா நதிக்கரை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்,
ஐம்பத்து நான்கு வருடம் கழித்துக்
கொண்டுவந்து வைத்தார்கள்.
வழிகாட்டிப் பெண் சொல்லி முடிக்குமுன்
"இரண்டு டன்னா" என்றாள் உர்கியா.
"இவன் அறுபத்தொரு கிலோ."
யாரிடம் சொன்னாளோ.
கயிற்றைத் தாண்டி, எக்கி,
விளிம்புக்குள் வாய் வைத்து என்னவோ கூப்பிட்டாள்.
காவலாளி கத்தினான்.
அண்டா கொஞ்ச நேரம்
அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே தலைவாசல். ஓடு பதிக்காத வெறும் செங்கல்.
உயரத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்
மரக்கட்டைகள்மேல் புறாக்கள்.
"சாரம் பிரிக்கவில்லையே" என்றாள்,
வேலைத்தளத்தில் நிற்பவள் குரலில்.
கட்டச் சொன்ன அரசன் செத்துப்போனான்,
கொத்தனார்கள் இறங்கிப் போய்விட்டார்கள்,
அறுநூறு வருடமாயிற்று என்றேன்.
"ஒரேயடியாகப் போகிறவன்
சாரத்தைப் பிரித்துக் கட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு போவான்.
நாளைக்கு வருகிறவன்தான்
அப்படியே விட்டுப் போவான்."

நான் வாதாடவில்லை. எனக்குப் பசி.
சந்தையில் சுடச்சுட இரண்டு ரொட்டி வாங்கினாள்.
சுற்றித் தரக் கடைக்காரியிடம் காகிதம் இல்லை.
உர்கியா கைப்பையைத் திறந்தாள்.

ரயிலடிவரை அவள் மடியில் ரொட்டி.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
எள் ஒட்டியிருந்தது.
கதவை இந்தத் தடவை
நான் கயிற்றால் கட்டியிருந்தேன்.