முற்பணம்

கொண்டாவில் தகரக் கொட்டிலில்
மூன்றே மூன்று நிற்கின்றன.
மூன்றாவதற்கு இன்னும் இருக்கை பூட்டவில்லை.

ஒரு சார்ஜுக்கு நூற்றிப்பத்துக் கிலோமீற்றர்
என்கிறது நோட்டீஸ்.
எந்தக் காற்றில் என்று போடவில்லை.
பண்ணைப் பாலத்தில் சோளகம் எதிர்த்து அடித்தால்
என் பெற்றோல் வண்டியே இரண்டாம் கியரில் மூச்சிரைக்கும்.

உத்தரவாதம் மூன்று வருஷம்.
கம்பனிக்கு வயது எட்டு மாதம்.

யூனிற் கணக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
மின்சாரசபையில் மானி வாசிக்கிறவன்.
இதை வீட்டில் செருகினால் பில் அடுத்த படிக்குத் தாவும்,
அந்தத் துண்டையும் நானே எழுதி
நானே வாங்கிக்கொண்டு முறைக்க வேண்டும்.
ஆனாலும்
சங்கானைப் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு
டாங்கில் தலை வைத்துப் படுத்த கழுத்து
இன்னும் நோகிறது.

"மாரி வெள்ளத்துக்குத் தாங்குமோ?"
தம்பிக்காரன் கஜமுகன் கையைத் துடைத்தான்.
"இன்னும் ஒரு மாரியும் காணேல்லை அண்ணை."
பொய் சொல்லியிருந்தால் அப்போதே போயிருப்பேன்.

தாவடி ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தேன்.
மணல் நெரிபடும் சத்தம் மட்டும்.
பதினொரு வருஷமாய் முதலில் என் வண்டி குரைக்கும்,
பிறகு நாய்கள்,
படலைக்கு உள்ளே ஏதோ அவசரமாய்க் கழற்றுவார்கள்,
நான் மெதுவாய் வந்து மானியைப் பார்ப்பேன்.
இன்று நாய் கண்ணே திறக்கவில்லை.
கம்பியில் கொளுவிய வயர்,
புஷ்பமலரின் கையில் தடி,
உள்ளே மின்கேத்தில் கொதிக்கிறது.

நான் வானத்தைப் பார்த்தேன்.
அவளும் வானத்தைப் பார்த்தாள்.

ஐம்பதாயிரம் சட்டைப்பையில் அப்படியே.
கொட்டிலுக்குத் திரும்பிக் கேட்டேன்:
"பின் மட்காட்டில
ஒரு தகரம் கலகலவெண்டு ஆடுற மாதிரிப்
பூட்டித் தருவியளோ?"