பின்னோக்கி ஏறுதல்

சாகரன் சொல்வான்:
முன்சக்கரத்துக்கு உன் வண்டியில் இரண்டு வேலை,
இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.
ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால்
இரண்டும் அரைகுறை, கோகிக்கா.

அவனுடையது பெட்டி வடிவ பி.எம்.டபிள்யூ.
இன்ஜின் முன்னால், உந்துவது பின்னால்,
நடுவில் வண்டியின் வயிற்றோடு ஓடும் இரும்புத் தண்டு.
அப்பாவின் கிரெசிடாவிலும் அந்தத் தண்டு உண்டு.
அதற்காகத் தரையில் எழுப்பிய திமில்மேல்
முழங்காலைக் காதுவரை மடக்கிக்கொண்டு
டோங்காட் கல்யாணங்களுக்குப் போனவள் நான்.
அவனுக்கு எப்போதும் ஜன்னலோரம்.
தண்டின்மேல் எனக்குப் பக்தி வராததற்கு
இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
ஆலைக்குப் பின்னுள்ள வெறும் மைதானத்தில்
அவன் வண்டி தன் வாலைத் தானே துரத்தும்.
டயர் புகை, விசில்.
வால் போகிற பக்கமே கையைத் திருப்பு என்பான்,
பயந்தால் போச்சு.
என் கோல்ஃப் வாலாட்டாது.
வளைவில் வேகமாய் நுழைந்தால்
சொன்னது காதில் விழாததுபோல் நேரே போகும்.
காலை எடுத்தால் மறுபடி கேட்கும்.

இரண்டு வேலை அரைகுறையாம்.
இன்று காலை
மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டபடியே
ஆஸ்பத்திரிக்குப் போனில் மருந்தளவு சொன்னேன்.
துணி கருகவில்லை.
ஏழாம் படுக்கைக்காரர் மத்தியானம் கஞ்சி கேட்டாராம்.

காவடி நாளில் தேர் இழுக்க
முன்னால் வடம் பிடிப்பவர் நூறு பேர்.
பின்னால் சக்கரத்தடியில் கட்டை கொடுத்து
நெம்புகிறவன் ஒருவன்.
தேர் யாரால் நகர்ந்தது என்று
முருகன் இதுவரை சொன்னதில்லை.

ஏப்ரல் மழை.
சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதை
கூரைச் சரிவுபோல் செங்குத்து,
மேட்டிலிருந்து சரிந்த செம்மண் அதன்மேல் வெண்ணெய்போல்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறேன்,
அவன் எனக்குச் சற்று முன்னே.
ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாயும்,
அவன் சக்கரம் தரையைக் கவ்வியது.
இடுப்பை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு ஏறிப்போனான்.

நான் பாதி வழி.
முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று
சேற்றை என் கண்ணாடியில் துப்பின.
கிளச் கருகும் வாசனை.
மெல்ல, மிக மெல்ல, வண்டி
என்னை அழைத்துக்கொண்டு கீழே வழுக்கியது.

மேலிருந்து அவன் குரல்:
அங்கேயே விட்டுட்டு நடந்து வா!

நடக்கவில்லை.
கீழே தெருவில் வண்டியைத் திருப்பினேன்.
ரிவர்ஸ்.
இப்போது இன்ஜினின் பாரம் முழுக்கப் பள்ளத்துப் பக்கம்,
அந்தப் பாரத்தின் அடியில் என் சக்கரங்கள்.
இழுத்தே பழகியவை
அன்றிரவு தள்ளின.

கழுத்தைத் திருப்பி, கண்ணாடியைப் பார்த்து,
மறுபடி கழுத்தைத் திருப்பி ஏறினேன்.
இடையில் ஒருமுறை முன்னால் பார்த்தேன்:
ஹெட்லைட் வெளிச்சத்தில்
என்னைக் கீழே தள்ளிய அதே சேறு.
அதற்கப்பால் பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள்,
நெடுஞ்சாலையின் மஞ்சள் கோடு,
நான் விட்டுவந்த ஆஸ்பத்திரியின் ஐந்து மாடி.
எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே
சிறியதாகிக்கொண்டு போயின.

அவன் பம்ப்பருக்கு ஒரு சாண் விட்டு நின்றேன்.
அது ஏமாத்து என்றான்.
ஏறிச்சா இல்லையா என்றேன்.

விடியும்போதும் மழை விடவில்லை.
மூக்கு வாசலைப் பார்த்து நின்றதால்
நான் நேரே இறங்கிவிட்டேன்.
தெருவில் நின்று திரும்பிப் பார்த்தால்
ஜன்னலில் தலையை நீட்டி
நனைந்துகொண்டிருக்கிறான்:

அக்கா, போயிடாதே,
பின்னால் கொஞ்சம்
பார்த்துச் சொல்லேன்.