உலோகம் இல்லாத உடை

முதலில் போட்டுப் பார்த்தது பழைய நைட்டி.
முழங்கால் தண்ணீரில் குடையாய் விரிந்தது.
அடுத்த அலை என்னைத் தூக்கிக்கொண்டுபோய்
மெழுகுவர்த்திக் கடை வாசலில் போட்டது.

அடுத்து மழைக்கோட்டு.
உள்ளே போன கடல் வெளியே வர மறுத்தது.
குடம் சுமப்பதுபோல் என்னையே சுமந்து கரையேறினேன்.

அப்புறம் கட்டட வேலைக்காரர் பூட்ஸ்.
திருக்கை முள்ளுக்கும் பீர் புட்டிச் சில்லுக்கும் அதுதான் சரி என்றார்கள்.
மூக்கில் இரும்பு வைத்திருந்ததை யாரும் சொல்லவில்லை.
ஓரடி வைத்தால் ஒரு கூவல்.
வேளாங்கண்ணிக் கடல் முழுக்கத் தங்கம் என்று
அரை மணி நேரம் பைத்தியமாய்த் தோண்டினேன்
என் காலடியையே.

"இங்கென்ன ஐஸ் கட்டியா மிதக்குது?"
பக்கத்து வீட்டு சவேரியம்மாள் கேட்கிறாள்.
மார்கழிக் கடைசியில், விடிவதற்கு முன்,
வாடைக்காற்று முதுகைப் பிடித்துக்கொள்ள
இடுப்பளவில் இரண்டு மணி நேரம் நில்லு, அப்புறம் கேளு.
முதல் அரை மணி வெதுவெதுப்புதான்.
அதன் பிறகு கடல் வட்டிக்குக் கொடுத்ததை
முதலோடு திரும்ப வாங்கும்.

ஆனால் குளிரைத் திட்ட எனக்கு வாயில்லை.
குளிரில் விரல் சுருங்கும்.
சுருங்கிய விரலில் மோதிரம் நழுவும்.
நேர்த்திக்கடன் முடித்து முங்கி எழுந்தவர்கள்
பேருந்தில் திருவாரூர் தாண்டும்போதுதான்
வெறும் விரலைப் பார்ப்பார்கள்.
லேமினேஷன் கடைச் சுவரில் என் எண் இருக்கிறது:
கடலில் நகை தவறினால் அழைக்கவும்.

நாகப்பட்டினம் துறைமுக வேலையை விட்டுப்போன
முக்குளிப்பாளர் அடைக்கலத்திடம்
ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன் இந்த நுரை ரப்பர் உடுப்பை.
முழங்காலில் சைக்கிள் டியூப் ஒட்டு.
நெஞ்சில் இறுக்கம், தோளில் தொளதொளப்பு;
ஆண்பிள்ளை அளவு, என்ன செய்ய.
இது தண்ணீரைத் தடுக்காது.
கொஞ்சம் உள்ளே விட்டு
என் சூட்டிலேயே காய்ச்சி வைத்துக்கொள்ளும்.
அந்த முதல் வாய்த் தண்ணீர் முதுகுத்தண்டில் இறங்கும்போது
கெட்ட வார்த்தை வரும்.
கோபுரத்துப் பக்கம் திரும்பி ஒரு மன்னிப்பு.

ஜிப் முதுகில். இழுக்க இன்னொரு கை வேண்டும்.
அந்தக் கை மஸ்கட்டில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறது.
வலைக்கயிறு ஒரு முழம் கட்டிக்கொண்டேன்.

கையுறை, பாத்திரம் கழுவுவது;
தூண்டில் முள்ளுக்கும் சொறிக்கும் போதும்.
கட்டைவிரல், ஆள்காட்டி நுனி இரண்டையும் வெட்டிவிட்டேன்.
மூடித்தகடா மோதிரமா என்று
தோல்தானே சொல்ல வேண்டும்.

இவ்வளவு போட்டும் கருவி கத்தியது.
பின் இல்லை, ஊக்கு இல்லை, சாவி இல்லை.
கேன்வாஸ் செருப்புக்குள்
பதினோரு வருஷ மெட்டி.
கழற்றி ஹார்லிக்ஸ் மூடியில் போட்டேன்.
சவேரியம்மாள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை,
அதுதான் அவள் கேட்டது.

மன்னார்குடி ஸ்டெல்லா டீச்சரின் மோதிரத்துக்கு
இது மூன்றாம் விடியல்.
பதினாறு பாட்டில் மூடி, ஒரு ஈயக்குண்டு,
இரண்டு ஐந்து ரூபாய்,
மாதா முகம் தேய்ந்த டாலர் ஒன்று.
பிறகு, அலை பின்வாங்கிய குழியில்,
மெல்லிய, தயங்கிய ஒரு சத்தம்.
வெட்டிய நுனிகளால் மண்ணை வடித்தேன்.
உள்பக்கம் எழுத்து: ஜெ.

கரையில் நின்று போன் போட்டேன்.
பல் கிட்டியதில் 'கிடைச்சிருச்சு' என்பது
வேறு ஏதோ சொல்லாய்ப் போயிற்று.
"யாரு? என்னம்மா? அழுவுறீங்களா?"
இல்லை டீச்சர், குளிருது.

வீட்டுக்கு வந்து மூடியிலிருந்து மெட்டியை எடுத்தேன்.
உப்பில் ஊறிய கால்விரல் ஏற்கவில்லை.
நாளைக்கும் கடலுக்குப் போகணும்.
மூடியிலேயே கிடக்கட்டும்.